தங்கையின் குரலைக் குறைத்த பதிப்பு

தாடிக்காரர் காலை பத்து மணிக்கு என் வேலையறைக்கு வந்தார். உட்காரும் முன்பே கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, வேலைக்காரியிடம் கொடுப்பதுபோல என் கையில் கொடுத்தார். முப்பது வருடமாக இசைத்தட்டு வெட்டுகிறேன்; பாடகர்களின் திமிர் எனக்குப் புதிதல்ல. ஆனால் இந்த மனிதர் வாழ்நாளில் செய்தது ஒரே ஒரு நல்ல தட்டு. அதுவும் நாற்பத்தைந்து வருடத்துக்கு முன்னால். அதிலும் பாதிதான் அவருடையது.

மீதிப் பாதி அவருடைய தங்கை. நாட்டுப்புற மெட்டையும் ராக் கிடாரையும் கலந்து அண்ணனும் தங்கையும் பாடிய பத்துப் பாட்டு. எழுதியதெல்லாம் அவள். தட்டு வெளிவந்த மறு வருடம், இருபத்து நாலு வயதில், வாடகை அறை ஒன்றில் காய்ச்சல் கண்டு செத்துப்போனாள். அண்ணன் வெளியூரில் கச்சேரியில் இருந்தார். தகவல் போயும் வரவில்லை.

இப்போது அதற்குச் சிறப்புப் பதிப்பு. தேன் நிறத் தட்டு, எண்ணிட்ட ஐந்நூறு பிரதிகள், பலகைபோல் கனத்த அட்டை. உள்ளே தாடிக்காரர் தன்னைப் பற்றித் தானே உருகி எழுதிய நாற்பது பக்கப் புத்தகம். தங்கைக்கு அதில் இரண்டு வரி. வாங்குகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. மேலே சுற்றிய பிளாஸ்டிக்கைக் கிழிக்கவே மாட்டார்கள். அலமாரியில் நிறுத்திப் படமெடுத்து ஊருக்குக் காட்டுவார்கள்.

மூல நாடாவை ஓட்டினேன். இரண்டு குரலும் ஒட்டிக்கொண்டு வந்தன.

"ரெண்டு பேரும் ஒரே மைக்லயா பாடினீங்க?"

"அப்ப ஒண்ணுதான் இருந்துச்சு. அவ சும்மா கூடச் சேர்ந்து பாடினா. அவ சத்தத்தக் கொறைச்சிடுங்க மேடம்."

"ஒரே மைக்ல வந்தத எப்படிப் பிரிக்கிறது?"

"மெல்லிசான குரல்தானே, அமுக்கினா அடங்கிடும். நாலாவது பாட்டு அவ மட்டும் பாடினது. அத எடுத்துடுங்க."

"அட்டையில ரெண்டு பேர் பேரும் இருக்கே?"

"இருந்துச்சு" என்று சொல்லிச் சிரித்தார்.

எழுந்து போய்யா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் குரலை அமுக்கக் குமிழைத் திருப்பினேன். அவரை இகழ எனக்கென்ன தகுதி என்று இன்று கேட்டுக்கொள்கிறேன். அன்று கேட்டுக்கொள்ளவில்லை.

அரக்குப் பூசிய தட்டு சுழன்றது. சூடான ஊசி பள்ளம் வெட்ட, நகப்பூச்சு போன்ற வாசனை எழுந்தது. வெட்டுப்படும் அரக்கு கறுப்பு இழையாகச் சுருண்டு வரும். பக்கத்தில் இருக்கும் குழாய் அதை உறிஞ்சிக்கொள்ளும். முதலில் ஒரு சோதனைத் தட்டு வெட்டினேன். அதைப் போட்டுக் கேட்டோம். நாலாவது பாட்டை எடுத்துவிட்ட இடத்தில் சற்று நேரம் அமைதி.

அந்த அமைதியில் ஒரு பெண் கிசுகிசுத்தாள்.

"அண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லேன்."

தாடிக்காரர் என்னைப் பார்த்தார். "இது நாடாவுல இருக்கா?"

இல்லை. நாடாவை மூன்று முறை கேட்டிருந்தேன்.

"ஏதோ பழைய சத்தம் ஒட்டியிருக்கும். இன்னும் கொறைங்க" என்றார். பயந்தால்கூட அதிகாரம் குறையாத ஜென்மம்.

இரண்டாவது தட்டை வெட்டும்போதே கேட்டுக்கொண்டிருந்தோம். இந்த முறை கிசுகிசுப்பு இல்லை. ஆனால் பாட்டுக்குப் பாட்டு அவர் குரல் பின்னால் போயிற்று. மைக்கை விட்டு ஓர் அடி. பிறகு நாலடி. கடைசிப் பாட்டில் அவர் சுவருக்கு அப்பால் நின்று பாடினார். நான் அமுக்கிய தங்கையின் குரல் என் காதுக்கு அருகில், மூச்சுச் சூட்டோடு கேட்டது.

குழாய் அடைத்துக்கொண்டு உறுமியது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு உள்ளே விரலை விட்டேன்.

இழை வந்தது. வந்துகொண்டே இருந்தது.

அது அரக்கு இல்லை.

முடி. முழ நீளம். காய்ச்சல்காரியின் வியர்வை வாடையோடு, ஈரமாக.

"மேடம், யாரு என்னை இடிக்கிறது?"

திரும்பினேன். நாற்காலியோடு அவர் சுவர்ப்பக்கம் நகர்ந்திருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. அவருடைய இடது தோள் மட்டும், நெரிசலில் யாரோ அழுத்துவதுபோல் உள்வாங்கியிருந்தது.

"பாப்பா, விடு" என்றார்.

உதடுகள் என் கண்ணெதிரே அசைந்தன. குரல் வெளியே நடைபாதையிலிருந்து வந்தது.

கண்ணாடியைக்கூட எடுக்காமல் ஓடினார்.

நான் கதவைச் சாத்தினேன். குமிழ்களைப் பழைய இடத்துக்குத் திருப்பி, நாலாவது பாட்டையும் சேர்த்து, நாடாவில் உள்ளபடியே மூன்றாவது தட்டை வெட்டினேன். பாட்டுகள் முடியும்வரை தலையைத் தூக்கவில்லை. வெட்டி முடித்ததும் அதைத் தொழிற்சாலைக்கு அனுப்பினேன். நான் எதையும் குறைக்கவில்லை. ஆனாலும் அச்சாகி வந்த மாதிரிப் பிரதியில் அவர் குரல் எங்கோ தெருக்கோடியில்தான் கேட்டது.

ஐந்நூறும் விற்றுத் தீர்ந்தன. ஒருவர்கூடப் புகார் சொல்லவில்லை. ஒருவரும் பிளாஸ்டிக்கைக் கிழிக்கவில்லை என்று அர்த்தம்.

தாடிக்காரர் இப்போது மேடை ஏறுவதில்லை. பேட்டி எடுக்கப் போனவர்கள், எதிரே உட்கார்ந்து பேசியும் அவர் பக்கத்து வீட்டிலிருந்து பேசுவதுபோல் இருந்தது என்கிறார்கள். டாக்டர்கள் தொண்டையில் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். எனக்கு இரக்கம் வரவில்லை. அவள் கோபம் ஆறிவிட்டது, எல்லாம் அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் பள்ளி ஆசிரியை ஒருவர், தன் மாணவிகளின் பாட்டைத் தட்டாக்கித் தரச் சொல்லி வந்தார். பேசிக்கொண்டே இருந்தவர் எனக்குப் பின்னால் இரண்டு முறை பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பொண்ணு நான் வந்ததுலேருந்து நின்னுட்டே இருக்கு. உடம்பு வேற சரியில்லாத மாதிரி தெரியுது. உக்காரச் சொல்லக் கூடாதா?"

நான் தனியாக வேலை செய்கிறவள். திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து, என் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு ஒதுங்கி நின்றேன்.

பாரம் ஏறியதும் அது மெல்லக் கிரீச்சிட்டது.