பழையபடியே வேண்டும்

பழைய நாற்காலியைக் காணோம் என்று போனில் புகார் அனுப்பி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பால்கனியில் பழைய பிரம்பு நாற்காலி வந்து கிடந்தது. அறைக்கதவு உள்ளே தாழிட்டபடியே இருந்தது.

தையற்காரருக்கு அதை யோசிக்கப் பொறுமையில்லை. காலையிலிருந்தே எரிச்சல். பதினான்கு வருடம் கழித்து ஆசை ஆசையாய் வந்த கடற்கரை விடுதி, அடையாளமே தெரியாமல் மாறியிருந்தது. எட்டு அறை இருந்த இடத்தில் இருநூறு. கடலை மறைத்து இன்னொரு கட்டடம். நீச்சல் குளத்தில் இறங்கியவர்களைவிடக் கரையில் நின்று படம் எடுத்தவர்கள்தான் அதிகம். வரவேற்பறையில் பேச ஆளில்லை, ஒரு திரை மட்டும். எது கேட்டாலும் போனில் படிவத்தை நிரப்பச் சொன்னது.

"வந்ததுலேருந்து மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க. கொஞ்சம் படுங்களேன்" என்றாள் மனைவி, கட்டிலில் புரண்டபடி.

"போன தடவை உன்னைத் தாங்கு தாங்குன்னு தாங்கினாங்க. ஏழு மாசம்னு மாடிப்படிகூட ஏற விடலை."

"அந்த ஏழு மாசம்தான் இப்ப ஒரு மணி நேரமா குளிக்குது." அவள் சிரித்துவிட்டுக் கண்ணை மூடினாள். குளியலறையில் மகளின் பாட்டு கேட்டது.

படிவம் அனுமார் வால் போல நீண்டது. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'பழையபடியே வேண்டும்' என்று ஒரு கட்டம். கடல் என்ற இடத்தைத் தொட்டார். எதிர்க் கட்டடம் நின்ற பக்கமிருந்து திரைச்சீலையைப் புடைத்துக்கொண்டு ஈரக்காற்று வந்தது, வலை காயும் வாடை வந்தது, கீழே இருநூறு அறைக்காரர்கள் போட்டுக்கொண்டிருந்த கும்மாளம் சட்டென்று அடங்கி அலைச்சத்தம் மட்டும் மிஞ்சியது. ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஆனாலும் விரல் நிற்கவில்லை. காலையிலிருந்து யாரும் காதில் வாங்காத ஆத்திரம் அது. சுவரின் நிறம். தொட்டார். விளக்கு. தொட்டார். தங்கியிருப்போர். தொட்டார்.

பாட்டு நின்றது.

தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் தொட்டது என்னவென்று படித்தார். மறுபடி தொட்டார். அழியவில்லை. மறுபடி. மறுபடி.

"கண்ணு?"

குளியலறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே யாருமில்லை. வாசலிலிருந்து தரையில் ஈரக் காலடிகள். மகளுடையவை. அடுத்தது கொஞ்சம் சிறியது. அதற்கடுத்தது இன்னும் சிறியது. நடு அறையில் பாதங்கள் முடிந்தன. அப்புறம் உள்ளங்கைகள். முழங்கால்கள். கட்டில் வரை தவழ்ந்த தடம்.

மனைவி எழுந்து உட்கார்ந்திருந்தாள். தலையில் ஒரு நரை இல்லை. போர்வைக்கு அடியில் வயிறு மேடிட்டிருந்தது.

"ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு? இங்க கை வைங்க. இன்னைக்கு ஒரே ஆட்டம்."

அவர் கையை இழுத்து வைத்துக்கொண்டாள். தோலுக்கு அடியில் ஐந்து விரல்கள் விரிந்தன. பச்சைக் குழந்தையின் விரல்கள் அல்ல. அவர் விரலுக்கு நேரே விரல் வைத்து, பலம் கொண்ட மட்டும் வெளியே தள்ளின.