வழி விட்டவர்

முடிவுப் பலகையில் இருபது என்று விழுந்தது. ஜெசிந்தாவுக்குத் தன் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று தோன்றியது.

தூத்துக்குடிக்குக் கிழக்கே கடலில் மிதக்கும் மிதவூருக்குத் திசைக்கு ஒன்றாக நான்கு கைகள், கைக்கு ஒரு பிரதிநிதி. ஊர்த் தகராறுகளை மனச்சேர்ப்பான் என்ற எந்திரம்தான் தீர்க்கும். ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தால் போதும். அவர் உள்மனம் சொல்லும் எண்ணைப் படித்து, அதுவரை சேர்ந்திருக்கும் மனத்தோடு எந்திரம் இணைத்துவிடும். வாயால் பேசித் தீர்த்த காலத்தில் மண்டைகள் உடைந்திருக்கின்றன, அதனால் இந்த ஏற்பாடு. இந்த வருடக் கேள்வி, கிழக்குக் கைக்கு நூற்றில் எத்தனை பங்கு குடிநீர் என்பது. இருபத்தைந்துக்குக் கீழே போனால் கிழக்கைக் கழற்றிவிட்டு, அதன் அறுபது வீட்டாரையும் கரைக்கு அனுப்பிவிடுவார்கள். அதில் ஒரு வீடு ஜெசிந்தாவுடையது. கிழக்கின் பிரதிநிதியும் அவள்தான்.

"நான் நாப்பதுதான் நெனச்சேன் ஜெசி, மாதா சத்தியமா" என்று தெற்கின் ரோசலி அழுதாள். வடக்கின் தொம்மையும் நாற்பது என்று தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். ஜெசிந்தா நினைத்ததும் நாற்பதுதான். மேற்கின் கஸ்பார் சுத்தமாகப் பூஜ்யம் நினைத்திருந்தாலும் நால்வரின் சராசரி முப்பது வந்திருக்க வேண்டும். இருபது எங்கிருந்து வந்தது?

மிதவூரில் ஒன்றோடொன்று இணைகிற எதற்கும் 'சேரும் இனம்' என்று பெயர். தொட்டித் தண்ணீர், மின்சாரம், மனம், எல்லாம் அதில் அடக்கம். இரண்டைப் போட்டால் ஒன்று வருகிறதா என்ற வடிவத்தை எந்திரமே பார்த்துக்கொள்ளும். இனத்தின் சட்டங்களை மட்டும் அது பார்க்காது. எந்த எண்ணும் நினைக்காத வெற்று மனம் சேர்ந்தால் எதுவும் மாறக்கூடாது. யாரை முதலில், யாரைப் பிறகு சேர்த்தாலும் ஒரே விடை வர வேண்டும். இவற்றுக்கு ஒரு பரிசோதகரின் முத்திரைதான் காவல். எட்டு வருடம் முன்பு அந்த முத்திரையைக் குத்தியவள் ஜெசிந்தா. சேர்ப்பு விதியை எழுதியவர் கஸ்பார்.

அன்று அவள் மகளுக்கு ஞானஸ்நானம். வெற்று மனத்தைப் போட்டுப் பார்த்தாள், சரியாக இருந்தது. இருவரை இடம் மாற்றிப் பார்த்தாள், அதுவும் சரி. மூவரைச் சேர்க்கும் சோதனை மட்டும் பாக்கி. "அத நான் பாத்துட்டேன்மா. முத்திரையக் குத்து, சாமியார் காத்துட்டு இருக்காரு" என்று பிள்ளையை வாங்கிக்கொண்டார் கஸ்பார். அவர்தான் ஞானத்தகப்பன். அப்படிப்பட்டவரைச் சந்தேகிக்க யாருக்கு மனசு வரும்?

இப்போது ஒரு துண்டுச்சீட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். சேர்ந்திருப்பதையும் வருகிறவரையும் கூட்டி இரண்டால் வகுப்பதுதான் கஸ்பாரின் விதி. மூன்று நாற்பதும் சேர்ந்து நாற்பதாகவே நின்றது. கடைசியில் பூஜ்யம் சேர்ந்ததும் இருபது. அதே பூஜ்யத்தை முதலில் போட்டாள். இருபது, முப்பது, முப்பத்தைந்து என்று ஏறியது. கடைசியில் வருகிறவர் கையில் பாதி ஊர் இருந்திருக்கிறது.

வருடாவருடம் திரையோரம் ஒதுங்கி நின்று, "நீங்க முந்திப் போங்க" என்று எல்லாருக்கும் வழி விடுகிறவர் கஸ்பார். அவர் மரியாதையைப் பார்த்துப் படியுங்கள் என்று ஊரே பிள்ளைகளுக்குச் சொல்லும். ஜெசிந்தாவும் தன் மகளுக்குச் சொல்லியிருக்கிறாள். ஏமாந்ததைவிட, ஏமாற்றியவர் கையில் பிள்ளையைக் கொடுத்தோமே என்பதுதான் அவளை அறுத்தது.

"வேணும்னே எழுதுனியளா, அண்ணே?"

கஸ்பார் மறுக்கவில்லை. "எழுதும்போது தெரியாதும்மா. ரெண்டாம் வருசம்தான் கண்டுபிடிச்சேன்."

"அப்ப அன்னைக்குப் பாத்துட்டேன்னு சொன்னது?"

"பாக்கணும்னு இருந்தேன்." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "மேக்கயும் பிள்ளகுட்டி இருக்குல்லா, ஜெசி. நான் யாரையும் தள்ளல. வழிதான விட்டேன்."

புது விதி எழுதி முத்திரை வாங்க ஒரு மாதம் ஆகும். ஆனால் பரிசோதகரான அவள் கேட்டால், மாலை மணி அடிப்பதற்குள் ஒருமுறை மறுசேர்ப்பு செய்யலாம். நால்வரும் சேர்ந்தால்தான் அது செல்லும். மணிக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. ஜெசிந்தா துண்டுச்சீட்டை மற்ற இருவரிடமும் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். "கஸ்பாரண்ணன் கடைசில வரக் கூடாது. அவ்வளவுதான்."

"சரி, வரல" என்றார் கஸ்பார். "அப்ப கடைசில யாரு?"

"நான் வாறேன்" என்றாள் ஜெசிந்தா.

"நீ நூறுன்னு நெனச்சிட்டா?" என்றாள் ரோசலி. அழுத கண் இன்னும் காயவில்லை. "முத்திர குத்துனவளும் நீதானம்மா."

ஜெசிந்தாவுக்குச் சுரீரென்றது. ஆனாலும் வாதாட நேரமில்லை. ரோசலியும் தொம்மையும் நாற்பது என்று சத்தியம் செய்தவர்கள். அவர்களில் யார் கடைசியில் வந்தாலும் கிழக்கு பிழைத்துக்கொள்ளும். "சரி, நான் முந்திப் போறேன். கடைசி யாருன்னு நீங்க ரெண்டுபேரும் பேசி வாங்க" என்று திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். எந்திரம் அவள் நாற்பதை வாங்கிக்கொண்டு அடுத்தவருக்காகக் காத்திருந்தது.

வெளியே குரல்கள் கேட்டன, முதலில் ரோசலியுடையது.

"நீங்க முந்திப் போங்க, அண்ணாச்சி."

"பரவால்லம்மா, நீ போ."

"வயசுல மூத்தவங்க நீங்க. நீங்க போங்க."

"கஸ்பார் போகட்டும்."

"ஒங்களுக்குப் பொறவுதான் நான்" என்றார் கஸ்பார்.

ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. மிதவூரில் இவ்வளவு மரியாதையான பேச்சை ஜெசிந்தா அதுவரை கேட்டதே இல்லை. மணி அடித்தது. பலகையில் பழைய இருபதே நின்றது.

அவள் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். மூவரும் சட்டென்று ஒதுங்கி அவளுக்கு வழி விட்டார்கள்.