எடை சரியாய் இருந்த நாணயம்

"நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்" என்று சொல்லிக்கொண்டேதான் அந்தப் பெண் உள்ளே வந்தாள். வணக்கம் கிடையாது, உட்காரலாமா என்ற கேள்வி கிடையாது. தட்டச்சு செய்த தாள் ஒன்று அவள் கையில் கசங்கிக் கிடந்தது.

தராசு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். எடை அளவு ஆய்வாளராக முப்பது வருஷம் கடைகடையாய் ஏறி இறங்கியவர். அப்போது ஒட்டிக்கொண்ட பெயர் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. இப்போது யாராவது சிக்கலோடு வந்தால் காது கொடுத்துக் கேட்பார். ஜன்னலோரம் அவருடைய மச்சினன் நோட்டும் பேனாவுமாய் நிமிர்ந்தான். மூன்று வாரமாக அவனுக்கு வெள்ளி நாணயம் சேர்க்கிற பைத்தியம் பிடித்திருந்தது.

அவள் வேலை பார்ப்பதும் ஒரு வெள்ளி நாணயக் கடையில்தான். சேர்ந்து இரண்டு மாதம். அந்தக் கடைப் பெட்டகத்தில் மூன்று வருஷமாக ஒரு பெட்டியில் இருந்த ஆறு புரூஃப் நாணயங்களில் ஒன்று மாறிப்போயிருந்தது. அதன் இடத்தில் அதே வருஷத்து, அதே சிங்கம் பொறித்த சாதாரண நாணயம் இருந்தது. கண்புரை ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த மறுநாள் முதலாளி பெட்டியைத் திறந்தார், பார்த்தார், தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"போன சனிக்கிழமை முதலாளியோட மருமகன் எடை போட்டப்ப சரியா இருந்துச்சாம். திங்கட்கிழமை ரெண்டு மணி நேரம் பெட்டகச் சாவி என்கிட்ட இருந்துச்சு. அதனால நான்தானாம். எடுத்தேன்னு எழுதிக் குடுத்தா போலீசுக்குப் போக மாட்டாங்களாம். அஞ்சு மணி வரைக்கும் டைம். எங்க வீட்டுக்காரர்கூட, 'போட்டுட்டு வந்து தொலை'ங்கறார். எடுக்காததை எடுத்தேன்னு எழுத எனக்குக் கை வராது சார். இந்தத் தாள் வெளியில போனா அப்புறம் எந்தக் கடையில என்னை உள்ள விடுவாங்க?"

"போலீஸ் வந்தா?"

"வரட்டும்னுதான் சொல்லிட்டு வந்திருக்கேன்."

மச்சினனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "புரூஃப்னா சுத்த வெள்ளின்னு அத்தாட்சி, அத்தான்" என்று முந்திக்கொண்டான்.

"அதில்லைங்க." அத்தனை கோபத்திலும் தொழில் விஷயத்தில் ஒரு தப்பை அவளால் விட்டுவிட முடியவில்லை. "சுத்தத்துக்கு 999னு முத்திரை இருக்கும். ஆயிரத்துல அத்தனை பங்கு வெள்ளின்னு அர்த்தம். புரூஃப்ங்கறது அடிக்கிற விதம். பாலீஷ் பண்ணின அச்சுல ஒண்ணுக்கு மேல அடி விழும். அடித்தளத்துல கண்ணாடி மாதிரி முகம் தெரியும், உருவம் மட்டும் மங்கலா வெளுத்து நிக்கும். வெறும் வெள்ளி மதிப்புக்காக வாங்கறது புல்லியன் நாணயம். அது முழுக்க ஒரே பளபளப்பு. பார்த்தாலே தெரிஞ்சிடும்."

"விலை?" என்றார் தராசு.

"புல்லியனுக்கு வெள்ளி விலைக்கு மேல கொஞ்சம் போட்டு விப்போம், அதுக்குப் பிரீமியம்னு பேரு. இந்தப் புரூஃபுக்கு அந்தப் பிரீமியமே வெள்ளி விலையைப்போல இருபது மடங்கு."

"எடை?"

"ரெண்டும் ஒரே எடைதான். ஒரு டிராய் அவுன்ஸ், முப்பத்தொரு கிராமுக்குக் கொஞ்சம் மேல."

தராசு செருப்பை மாட்டினார். மச்சினன் நோட்டில் முந்தின வாரம் எழுதியதை அடித்துவிட்டுப் பின்னாலேயே ஓடினான்.

கடை ஒடுக்கமாக இருந்தது. முன்னால் கண்ணாடிப் பெட்டி, அதன்மேல் மின் தராசு, பின்னால் பெட்டகம். முதலாளி கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்தார். மருமகன்தான் சிரித்த முகமாய் எழுந்து வந்தான். பன்னிரண்டு வருஷம் இதே தொழிலில் இருப்பவன். அடுத்தவள் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டு ஒரு மனுஷன் எப்படித்தான் அவ்வளவு பல் தெரியச் சிரிக்க முடியுமோ, நமக்குப் புரியவில்லை.

"ஆள் கூட்டிட்டு வந்துட்டியா?" என்றான் அவளைப் பார்த்து. "நல்லபடியா முடிச்சுக்கலாம்னு சொன்னா கேக்க மாட்டே."

"நல்லபடியா முடிக்கத்தான் வந்திருக்கேன்" என்றாள் அவள்.

தராசு புரூஃப் பெட்டியைக் கேட்டார். முதலாளி கையுறை மாட்டி, மாறிப்போன நாணயம் இருந்த, பெட்டி வந்த நாளில் தாமே எண் ஒட்டிய பிளாஸ்டிக் கேப்சூலைத் திறந்தார். நாணயம் அசையாமலிருக்க உள்ளே கறுப்பு ஸ்பாஞ்ச் வளையம் ஒன்று. அதில் ஓரிடத்தில் அரிசி அகலத்துக்குக் கிழிந்து, அந்தத் துணுக்கையே காணோம். நாணயத்தின் விளிம்பைச் சுற்றி மஞ்சளும் பழுப்புமாய் ஒரு கோடு ஓடியிருந்தது.

"டோனிங்" என்றான் மச்சினன். "வெள்ளி நாளாக ஆக நிறம் மாறுமே, அது." நோட்டு வாங்கியதற்கு முதல் தடவையாக ஒன்றைச் சரியாகச் சொன்னான்.

மற்ற ஐந்தையும் பார்த்தார்கள். அவற்றின் விளிம்பிலும் ஸ்பாஞ்ச் பட்ட இடத்தில் அதே பழுப்பு.

"புதுசா கேப்சூல் போட்டது ஏதாவது இருக்கா?" என்று தராசு கேட்டார்.

"ஷோகேஸ்ல இருக்கிற பத்தும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நானே போட்டேன். இதே கேப்சூல், இதே ஸ்பாஞ்ச்." பத்தையும் அவளே திறந்து வைத்தாள். ஒன்றில்கூடப் பழுப்பு இல்லை.

மருமகன் எடைப் புத்தகத்தைத் தூக்கி வந்து போட்டான். "இதையும் பாருங்க. சனிக்கிழமை தவறாம நானே எடை போட்டு எழுதியிருக்கேன். போன வாரம் வரைக்கும் எடை சரி."

"நீங்க மட்டும்தான் போடுவீங்களா?"

"மாமாவுக்குக் கண்ணு தெரியாதே. வேற யாரு?"

தராசு முதலாளி பக்கம் திரும்பினார். "எடை சரியாத்தாங்க இருந்திருக்கும். இப்பவும் சரியாத்தான் இருக்கும், போட்டுப் பாருங்க. புரூஃபும் புல்லியனும் ஒரே எடை. அந்தப் புத்தகத்தை வச்சு, எந்த நாள் மாத்தினாங்கன்னு ஒருத்தராலயும் சொல்ல முடியாது."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார்.

"நாளைச் சொல்றது இந்தப் பழுப்புதான். ரெண்டு மாசம் ஸ்பாஞ்சோட இருந்த பத்து நாணயமும் வெள்ளையா இருக்கு. மூணு வருஷம் இருந்த அஞ்சும் பழுத்திருக்கு. இது அந்த அஞ்சு மாதிரி. அப்போ இந்தப் பொண்ணு கடைப்படி ஏறறதுக்கு ரொம்ப முன்னாலேயே இது உள்ள போயிருக்கு."

"வேற கேப்சூல்ல பழுத்ததை அவ கொண்டுவந்து போட்டிருக்கலாமில்ல?" மருமகன் விடவில்லை.

"கேக்க வேண்டிய கேள்விதான். மச்சான், அந்தப் பழுப்பு எங்கயாவது விட்டுப்போயிருக்கா பாரு."

மச்சினன் லென்ஸைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். "ஒரே ஒரு இடத்துல வெள்ளையா இருக்கு அத்தான். அரிசி அகலம்." ஸ்பாஞ்சின் கிழிசலோடு சேர்த்துப் பிடித்தான். இரண்டும் பொருந்தின. "இதே கேப்சூல்லதான் பழுத்திருக்கு."

"பெட்டி வந்தப்ப என் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் முதலாளி மெதுவாக. "ஆறும் புரூஃப்தான், பார்த்தேன். கொஞ்ச நாள்ல பார்வை மங்கிடுச்சு. மாப்பிள்ளை கையில குடுத்தேன்."

தராசு மருமகனைக் காட்டினார். "அவருக்குக் கண்ணு நல்லா தெரியும். பார்த்தாலே தெரியற வித்தியாசம். புதுசாச் சேர்க்கிறவன், நம்ம மச்சான் மாதிரி, புரூஃபைத் தராசுல வச்சுட்டுத் திருப்தியாப் போவான். பன்னிரண்டு வருஷ வியாபாரி போக மாட்டான். எந்தச் சோதனையில மாட்டாதோ அதை மட்டும் வாராவாரம் செஞ்சு எழுதி வச்சிருக்கார்."

மருமகன் சிரிப்பை யாரோ துடைத்து எடுத்தாற்போல் ஆயிற்று. "நான் திருப்பி வாங்கி வச்சிடலாம்னுதான்..." என்றவன், மாமனார் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"அதுக்கு முன்னால எனக்குக் கண்ணு வந்துடுச்சு" என்றார் முதலாளி. அவள் பக்கம் திரும்பிச் சொன்னார், "குடும்ப விஷயம்மா. வெளியில தெரிஞ்சா என் பொண்ணு வாழ்க்கை போச்சு. ஆறு மாசச் சம்பளம் தர்றேன். நீ வேற இடம் பார்த்துக்கோ."

அவள் கண் கலங்கிவிட்டது. குரல் கலங்கவில்லை. "நான் எதுக்குங்க போகணும்? இப்போ போனா திருடிட்டுப் போனவதான். உங்க வீட்டு விஷயத்தை நான் தெருவில பேச மாட்டேன். ஆனா இங்கிருந்து நகர மாட்டேன். யாரு போகணுமோ அவங்க போகட்டும்."

முதலாளி பதில் சொல்வதற்குள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். பேத்திக்கு ஒரு வெள்ளி நாணயம் வேண்டுமாம். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "இங்க வேலைக்கு இருந்த பொண்ணு ஏதோ திருடிடுச்சுன்னு சொன்னாங்களே, நிஜமா?" என்றார்.

மருமகன் தரையைப் பார்த்தான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்க் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் தன் இடத்தில் நின்றாள்.

"அந்தப் பொண்ணு நான்தான்" என்றாள். "திருடினேனா இல்லையான்னு முதலாளி இங்கதான் இருக்கார், அவரையே கேளுங்க. கேட்டுட்டு வாங்க, நாணயம் காட்டறேன்."