பெரியவருக்கு மூக்கடைப்பு

எங்கள் வீட்டில் மொத்தம் நான்கு பேர். அப்பா, அம்மா, நான், அப்புறம் பெரியவர்.

பெரியவர் என்றதும் தாத்தா என்று நினைத்துவிடாதீர்கள். அவர் ஒரு போர் விமானம். எப்போதோ நடந்த பெரிய போரில் பறந்தவர். போர் முடிந்ததும் சீந்துவார் இல்லாமல், செடி கொடி முளைத்து, ஒரு வயலோரமாகக் கிடந்தார். நான் நடக்கப் பழகிய வருஷம்தான் அப்பா அவரை லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"இந்த ஓட்டை உடைசலை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?" என்று எல்லோரும் சிரித்தார்களாம்.

அப்பா விமான மெக்கானிக். அம்மா விமானி. சிரிப்புக்கெல்லாம் அசருகிற ஆட்கள் இல்லை. நான் வளர வளரப் பெரியவரும் தேறிக்கொண்டே வந்தார். எனக்குப் பல் விழுந்து முளைத்த சமயத்தில் அவருக்குப் புது இறக்கை வந்தது. நான் நான்காம் வகுப்பு முடிப்பதற்குள் அவர் பறந்தே விட்டார்!

வயதில் மூத்தவர் அல்லவா? அதனால் எங்கள் வீட்டில் யாரும் அவரை 'அது' என்று சொல்வதில்லை. "பெரியவர் இன்னைக்கு எண்ணெயைக் கொஞ்சம் ஜாஸ்தியாவே குடிச்சிட்டாரு" என்பார் அப்பா. என்னை மட்டும் எல்லோரும் 'கொசு' என்பார்கள். எப்போதும் காதுக்குப் பக்கத்தில் நொய் நொய் என்று கேள்வி கேட்கிறேனாம்.

இந்த வருஷம் பெரியவருக்கு ஓர் அழைப்பு வந்தது. கடல் தாண்டி இன்னொரு நாட்டில் விமானக் கண்காட்சி. "வந்து பறந்து காட்டுங்கள்" என்று கூப்பிட்டிருந்தார்கள். அவ்வளவு தூரம் பறந்து போகும் அளவுக்கு எரிபொருள் பிடிக்க அவர் வயிற்றில் இடமில்லை. அதனால் அப்பா இறக்கைகளைக் கழற்றி, பஞ்சு மெத்தையில் சுற்றி, பெரியவரோடு சேர்த்து ஒரு பெரிய இரும்புப் பெட்டிக்குள் வைத்துக் கப்பலில் அனுப்பினார். பெட்டிக் கதவை மூடும்போது அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேட்டால் தூசி விழுந்துவிட்டதாம்.

நாங்கள் பின்னாலேயே போய்ச் சேர்ந்தோம். அங்கே விமானக் கொட்டகை ஒன்றில் அப்பா மறுபடி இறக்கைகளைப் பூட்டினார். அந்தக் கொட்டகையைப் பார்த்துக்கொள்கிறவர்தான் பளபள மாமா.

அது நான் வைத்த பெயர். மாமாவுக்கு அழுக்கு என்றால் ஆகவே ஆகாது. தரையைத் துடைப்பார், துடைத்த துணியைத் துவைப்பார், துணி துவைத்த வாளியைத் தேய்ப்பார். முதல் நாளே என் ஷூவைக் கழற்றச் சொல்லி, மண் போகத் தட்டிக் கொடுத்தார்.

"விருந்தாளிங்க வந்திருக்கீங்க. உங்க விமானம் கண்ணாடி மாதிரி இருக்க வேணாமா?" என்று சொல்லிக்கொண்டே பெரியவரைச் சுற்றிச் சுற்றி வந்தார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. என் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்வார். அவருக்குத் தெரியாவிட்டால், "தெரியலையே கொசு" என்று நேராகவே ஒப்புக்கொள்வார்.

கண்காட்சிக்கு முந்திய நாட்களில் விடாமல் மழை. அன்று காலைதான் வெயில் அடித்தது. பறப்பதற்கு முன்னால் ஒருமுறை ஓடுபாதையில் ஓட்டிப் பார்க்கலாம் என்று அம்மா ஏறி உட்கார்ந்தார். பெரியவர் இருமினார், புகை விட்டார், அப்புறம் கம்பீரமாக ஓடினார்.

திரும்பி வந்த அம்மாவின் முகம் சுண்டிப்போயிருந்தது.

"வேகம் காட்டுற முள் அசையவே மாட்டேங்குதுங்க."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்!

அந்த முள் ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். பெரியவரின் இடது இறக்கையில் முன்பக்கமாக நீட்டிக்கொண்டு ஒரு மெல்லிய குழாய் இருக்கிறது. நாங்கள் அதை 'மூக்கு' என்போம். அதற்குள் காற்று புகுந்தால்தான் அம்மாவுக்கு முன்னால் இருக்கும் முள் வேகத்தைக் காட்டும். முள் வேலை செய்யவில்லை என்றால், வேகம் குறைந்து விமானம் கீழே விழப் போவது கூட விமானிக்குச் சரியாகத் தெரியாது. அப்படி ஒரு விமானத்தில் என் அம்மா ஏறக் கூடாது. யார் அம்மாவுமே ஏறக் கூடாது.

கண்காட்சியின் பெண் அதிகாரி வந்தார். கையில் குடை, முகத்தில் கண்டிப்பு.

"உங்க முறை மதியம் கடைசியில வருது. அதுக்குள்ள முள் ஆடினா பறங்க. இல்லன்னா மன்னிச்சிடுங்க, பேரை எடுத்துடுவேன்."

நாளைக்குப் பெரியவர் மறுபடி பெட்டிக்குள் போக வேண்டும். கப்பல் காத்திருக்காது. இவ்வளவு தூரம் வந்து, பறக்காமலே திரும்பிப் போவதா?

"தப்பு என்னோடதுதான். றெக்கையைப் பூட்டும்போது உள்ள எங்கயோ குழாய் இணைப்பை ஒழுங்கா முடுக்காம விட்டிருப்பேன்" என்று அப்பா தலையில் கை வைத்தார். உடனே இறக்கையின் மூடிகளைத் திறந்து, உள்ளே போகும் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார்.

"அப்பா, மூக்குல ஏதாவது அடைச்சிருக்குமா?"

"அடைக்க வழியே இல்ல. அதுக்குத்தான் சாக்ஸ் மாட்டி வச்சிருந்தோமே. கொசு, கொஞ்ச நேரம் வெளியில போய் விளையாடு."

சாக்ஸா என்று கேட்கிறீர்களா? பெரியவர் சும்மா நிற்கும்போது மூக்குக்குள் தூசி போகாமல் உறை போட வேண்டும். சிவப்பு நாடா வைத்த நல்ல உறை ஒன்று இருந்தது. ஒருநாள் அது காற்றில் பறந்துவிட்டது. அவசரத்துக்கு அப்பா தன் பழைய பழுப்பு சாக்ஸ் ஒன்றை மாட்டினார். அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்தியது. அன்றிலிருந்து அதுவே உறை.

நான் கொட்டகைக்குப் பின்பக்கம் போனேன். பளபள மாமா கொடியில் துணிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். துடைக்கும் துணிகளுக்கு நடுவில், கிளிப் மாட்டி, ஒரே ஒரு பழுப்பு சாக்ஸ்!

"மாமா, இது எங்க இருந்து வந்தது?"

"அதுவா? யாரோ கழட்டி றெக்கையில மாட்டிட்டு மறந்துட்டாங்க. ஒரே எண்ணெய்ப் பிசுக்கு! சுடுதண்ணியில ஊறவச்சு அலசிப் போட்டேன். மழையில காயவே மாட்டேன்னுது. இதோட ஜோடியையும் தேடிக்கிட்டே இருக்கேன், கெடைக்கல."

"மாமா, அது பெரியவரோட சாக்ஸ்!"

மாமா சிரித்தார். "விமானத்துக்கு ஏது கால்?"

"கால்ல இல்ல மாமா. மூக்குல."

சொல்லிவிட்டு ஒரே ஓட்டம். மாமாவும் சாக்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தார். அப்பாவும் அம்மாவும் இறக்கைக்கு அடியில் குனிந்து குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு ஸ்டூலில் ஏறி மூக்கின் நுனியைப் பார்த்தேன். நுனி முழுவதும் மண். யாரோ விரலால் பூசி மெழுகியது போல வழவழவென்று அடைத்திருந்தது. அப்போது ஒரு குளவி, வாயில் மண் உருண்டையோடு வந்து மூக்கின் மேல் உட்கார்ந்தது. என்னைப் பார்த்ததும் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போனது.

"அப்பா!" என்று கத்த வாயைத் திறந்தேன். மாமாவின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

"என்னாலயா கொசு?" அவர் குரல் கம்மிப்போயிருந்தது. "நல்லது பண்றதா நெனச்சுத்தானே... அதிகாரிக்குத் தெரிஞ்சா இனிமே எந்த விமானத்துக்குப் பக்கத்துலயும் என்னை விட மாட்டாங்க."

எனக்கு அழுகை வரும்போல இருந்தது. மறைக்க முடியாது. அந்த விமானத்தில் ஏறப் போவது என் அம்மா. ஆனால் உண்மையை எங்கிருந்து ஆரம்பிப்பது என்பது என் கையில்தானே இருக்கிறது?

"என் கூடவே நில்லுங்க மாமா" என்றேன்.

"அப்பா, ஒரே ஒரு கேள்வி. காலையில பெரியவரோட சாக்ஸைக் கழட்டினது யாரு?"

"அம்மா" என்றார் அப்பா, தலையைத் தூக்காமலே.

"நானா? நீங்க கழட்டிட்டீங்கன்னுல்ல நான் நெனச்சேன்!" என்றார் அம்மா.

இப்போது அப்பாவின் தலை மேலே வந்தது. "நான் நீ கழட்டிட்டேன்னு நெனச்சேன்."

"அப்போ ரெண்டு பேருமே பாக்கல. பெரியவர் மழை நாள் முழுக்க மூக்கைத் திறந்து போட்டுக்கிட்டே நின்னிருக்காரு. உள்ள குளவி குடிவந்திருக்கு. வந்து பாருங்க!"

அப்பா வந்து பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. குடையோடு அதிகாரியும் வந்து பார்த்தார்.

"சாக்ஸ் மாட்டியிருந்தீங்களா? விமானத்துக்கா?"

"அது வந்து... அளவு கச்சிதமா இருந்துச்சு" என்று அப்பா இழுத்தார்.

"சரி, அதை எடுத்தது யாரு?"

பளபள மாமா ஓர் அடி முன்னால் வந்தார்.

"நான்தான் மேடம். அழுக்குத் துணின்னு நெனச்சுத் துவைச்சுட்டேன்."

அதிகாரி வாயைத் திறப்பதற்குள் நான் புகுந்துவிட்டேன். "றெக்கையில அழுக்கு சாக்ஸ் தொங்கினா யாரா இருந்தாலும் அப்படித்தானே நெனப்பாங்க? நீங்களே சொல்லுங்க. நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

மாமாவின் கையிலிருந்த ஈரச் சாக்ஸை அதிகாரி பார்த்தார். கட்டைவிரல் பக்கம் இருந்த ஓட்டையையும் பார்த்தார்.

"துவைச்சிருக்க மாட்டேன். குப்பையில தூக்கிப் போட்டிருப்பேன்" என்றார்.

முதலில் அம்மாதான் சிரித்தார். அப்புறம் அப்பா. கடைசியில் அதிகாரியும் குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். அப்பா மாமாவின் தோளைத் தட்டி, "அந்த சாக்ஸை இத்தனை நாள்ல துவைக்கணும்னு நெனச்ச ஒரே ஆள் நீங்கதான்" என்றார்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. மூக்கில் ஊதிப் பார்க்கலாம் என்று நான் வாயைக் கொண்டுபோனேன். "ஊதாத!" என்று அப்பா அலறினார். முள் இருக்கும் கருவி அவ்வளவு மென்மையாம். பலமாக ஊதினாலே கெட்டுவிடுமாம். நல்ல வேளையாக அப்பா பின்பக்கக் குழாயை முன்பே கழற்றி வைத்திருந்தார். நுனி மண்ணைக் கம்பியால் பதமாக நெம்பிவிட்டு, பின்னாலிருந்து காற்று அடித்தார். மண் கட்டி பொத்தென்று விழுந்தது. கூடவே சுருண்டு கிடந்த குட்டிச் சிலந்திகள்!

"ஐயே!" என்றேன்.

"குளவி தன் குஞ்சுக்குக் கட்டி வச்ச சாப்பாடு அது" என்றார் அம்மா.

தூசியைக் கண்டால் பொறுக்காத மாமா, அந்த மண்ணை மட்டும் பெருக்கித் தள்ளவில்லை. ஓர் அட்டையில் பதமாக அள்ளிக்கொண்டுபோய், பின்பக்க ஜன்னல் மேடையில் வைத்தார். "அவளும் பாவம், பிள்ளைக்காரி" என்றார்.

அப்பா குழாய்களைப் பூட்டினார். அம்மா மறுபடி ஓடுபாதையில் ஓட்டினார். திரும்பி வரும்போது கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். முள் ஆடிவிட்டது! எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

மதியம், கடைசி முறை. நானும் மாமாவும் வேலிக்குப் பக்கத்தில் நின்றோம். பெரியவர் ஓடினார், ஓடிக்கொண்டே இருந்தார், அப்புறம் தரையை விட்டுவிட்டார். எங்கள் நெஞ்சு அதிர ஒரு சத்தம். கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் அண்ணாந்தது. அவர் மேகத்துக்குள் போய், தலைகீழாகப் புரண்டு, வெயிலில் மின்னிக்கொண்டு இறங்கினார். அவ்வளவு அழகாக அவர் எங்கள் நாட்டில்கூடப் பறந்ததில்லை. என் பெரியவர், என் அம்மா! நான் கத்திக் கத்தியே தொண்டை கட்டிவிட்டது.

கடைசியாக எங்கள் தலைக்கு மேலே தாழ்வாக வந்து, இறக்கைகளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தார்.

"என்ன கொசு, ஏன் இப்படி ஆடுது? மறுபடி ஏதாவது கோளாறா?" மாமா பதறிவிட்டார்.

"இல்ல மாமா. அம்மா நமக்கு டாட்டா காட்டுறாங்க."

"நமக்கா? உனக்குத்தான் காட்டியிருப்பாங்க. எனக்கு எதுக்குக் காட்டப் போறாங்க?"

"பாக்கலையா நீங்க? முதல்ல உங்க பக்கம்தானே சாஞ்சாங்க!"

மாமா தொப்பியைக் கழற்றினார். பெரியவர் ஒரு புள்ளியாகச் சிறுத்துப்போகும் வரை, இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டே இருந்தார்.