கிளாத்தியின் விலாவில்

கிளாத்தி மீன் தன் அருகில் எது இருக்கிறதோ அதன் நிறத்தைப் போர்த்திக்கொள்ளும். பாசியருகே பச்சை, குழாயருகே சாம்பல். ஐந்து வருடமாகக் கண்ணாடித் தொட்டியில் அதை வளர்க்கும் செய்ஜுனுக்கு இது புதிதல்ல. ஆனால் அன்று மதியம், கை நீளத்துக்கு வளர்ந்திருந்த அந்த மீனின் தட்டையான விலாவில், மங்கிய சிவப்பில் செம்பருத்திப் பூக்கள் தெரிந்தன. அவன் மனைவி நட்சுயேயின் போர்வையில் இருக்கும் பூக்கள். போர்வையோ பக்கத்து அறையில், மூடிய கதவுக்குப் பின்னால் இருந்தது.

புயலுக்காகக் காலையிலேயே எல்லா ஷட்டர்களையும் இறக்கித் தாழிட்டிருந்தான். நாஹா நகரம் முழுவதும் வெளியே ஊளையிட்டுக்கொண்டிருக்க, உள்ளே காற்று அசையாமல் நின்றது. உப்பும் அழுகிய பாசியும் வெந்த நண்டும் கலந்த வாடையுடன் நீராவி சுவரெல்லாம் துளிகளாகப் படிந்து, தொட்டியின் நீல வெளிச்சத்தில் மெல்ல வழிந்துகொண்டிருந்தது. வேலைக்குப் போக முடியாத நாள். தொட்டிப் பாறையில் பொத்தான் பொத்தானாகப் பரவி மற்றதையெல்லாம் மூடிவிட்ட கடற்பூக்களை ஒழிக்க இதுதான் சமயம் என்று, பாறையை நூடுல்ஸ் பானையில் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டிருந்தான்.

"என் பானையையும் உங்க ரெண்டாவது பொண்டாட்டிக்கே குடுத்தாச்சா? இனிமே சூப்பையும் அவளே வைக்கட்டும்" என்று அடுப்பருகே நின்று மீன் தொட்டியைக் காட்டிச் சிரித்தாள் நட்சுயே. பிறகு இருமினாள். வாயெல்லாம் இரும்பு ருசிக்கிறது என்று போய்ப் படுத்தவள்தான்.

இப்போது அந்த இருமல் ஈரமாக ஒலித்தது. அவன் நாக்கிலும் இரும்பு. மீனை விற்ற கோச்சிந்தாவுக்கு போன் செய்து, அவள் இருமலையும் இரும்பு ருசியையும் சொன்னான்.

"பாறைய என்ன பண்ணின?"

"கொதிக்க வச்சேன் அண்ணே."

"ஜன்னல்?"

"புயலுக்கு அடைச்சிருக்கு."

"அந்தப் பூ விஷம்டா. ஆவியா உள்ள போனா மூச்சையே நிறுத்திடும். அவள முதல்ல வெளிய தூக்கிட்டு வா. ஆம்புலன்ஸுக்குச் சொல்லு."

காற்று தணியும்வரை வண்டி வராது என்றார்கள். ஷட்டரை இழுத்தான். வெளியிலிருந்து புயல் அழுத்திக்கொண்டிருந்தது, அது அசையவில்லை. படுக்கையறைப் பக்கம் திரும்பினான். நாலடி. முழங்கால்கள் அவனுடையவை அல்லாததுபோல் மடிந்தன. தொட்டியின் முன்னால் உட்கார்ந்த வாக்கில் விழுந்தான். கைகளை ஊன்றிப் பார்த்தான். கைகளும் வரவில்லை.

"நட்சுயே, எழுந்து வாசலுக்குப் போ. என்னைப் பாக்காத, போ."

இருமல் மட்டும்.

கிளாத்தி கண்ணாடியோடு ஒட்டி நின்றது. அதன் விலாவில் பூக்கள் மெல்ல உயர்ந்தன. தாழ்ந்தன. பக்கத்து அறையில் அவள் மூச்சு இழுக்கும்போதெல்லாம் உயர்ந்தன. அவன் அதைப் பார்த்துக்கொண்டே அவள் மூச்சை எண்ணினான். இடைவெளி நீண்டது. பின்னும் நீண்டது.

இருமல் நின்றது.

பூக்களும் நின்றன.

அவன் காத்திருந்தான். தொட்டியின் மோட்டார் முனகியது. மீன் துடுப்பை அசைக்கவில்லை. பிறகு விலாவில் பூக்கள் ஒருபுறமாக மடிந்தன, யாரோ போர்வையை விலக்குவதுபோல. அடியில் வெறும் படுக்கையின் வெண்மை.

பின்னால் கதவு நகர்ந்தது.

"எழுந்துட்டியா?" என்றான். "வாசலுக்குப் போம்மா. வாசல் அந்தப் பக்கம்."

காலடி ஓசை இல்லை. மூச்சும் இல்லை.

வெண்மை கலைந்தது. கோடுகள் வந்தன. நீலம். குறுக்கும் நெடுக்குமாக. கட்டங்கள். அவன் போட்டிருந்த சட்டை. முதுகுப்புறம். மேலே, கழுத்தில் ஒட்டிய ஈர முடி.

பின்னாலிருந்து பார்த்தால் தெரிவதுபோல.

முதுகு பெரிதாகிக்கொண்டே வந்தது. ஓரத்தில் ஏதோ வெளுப்பாக நுழைந்தது. ஐந்து விரல்கள். மீனின் விலாவில், அந்தச் சட்டையின் தோள்மேல், அவை ஒவ்வொன்றாகப் படிந்தன.

அவன் தோளில் இன்னும் எதுவும் படவில்லை.