அரை டிக்கெட் விலைக்கு ஒரு மகள்

எட்டு வயது மகளின் விலை... ஒரு அரை டிக்கெட்!

வேதாரண்யத்தில் திருக்கடையூருக்கு அந்த டிக்கெட்டை எடுத்தபோது கயல்விழிக்கு அது தெரியாது.

"வீல்!"

கோயில் மண்டபத்தில் அலறியது அவள்தான்.

அவள் அப்பா குஞ்சிதபாதத்துக்கு அறுபதாம் கல்யாணம். தலையில் கலசநீர் சொட்டச் சொட்டத் திரும்பினார்.

பேத்தி எழில்மொழியின் ஒரு கை கயல்விழியிடம். இன்னொரு கை... விவாகரத்தான கணவன் புகழேந்தியிடம்!

அவன் பக்கத்தில் எஸ்.ஐ. ஷமீரா.

"தாத்தா விசேஷத்துக்குத்தானே மேடம் கூட்டிட்டு வந்தேன்!"

"கோர்ட் ஆர்டர் படிச்சீங்களாம்மா?"

புகழேந்தி மனப்பாடமாக ஒப்பித்தான். "குழந்தை ரெண்டு பேர் பொறுப்புலயும் இருக்கும். கோர்ட் அனுமதி இல்லாம யாரும் நாகப்பட்டினம் மாவட்டத்தைத் தாண்டிக் கூட்டிட்டுப் போகக் கூடாது. மீறினா... மத்தவங்க முழுப் பொறுப்பையும் கேட்கலாம்!"

"திருக்கடையூர் நாகப்பட்டினந்தானே!"

"ஆர்டர் போட்டப்ப! அப்புறந்தான் பிரிச்சாச்சே... இப்ப இது மயிலாடுதுறை மாவட்டம். மாட்டிக்கிட்டியா?"

கயல்விழி மகளின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

கோயில் நகரவில்லை. அவளும் ஓடவில்லை. எல்லைக்கோடுதான் நகர்ந்திருந்தது!

"நெசமாவே தெரியாதுங்க மேடம்... இவள விட்டா எனக்கு யாருமில்லைங்க..."

"பாவமாத்தான் இருக்கு. புகார்னு வந்தா எழுதித்தானே ஆகணும்?"

குஞ்சிதபாதம் கை கூப்பினார். "மாப்ள... இன்னைக்கு வேணாம்யா..."

"முன்னாள் மாப்ளைங்க!"

"ரெண்டு கையும் வலிக்குதும்மா..." என்றாள் எழில்மொழி.

இருவருமே விடவில்லை.

ஷமீரா பேனாவைத் திறந்தாள். "அட்ரஸ் சொல்லுங்க சார்."

"வடக்குத் தெரு, ஆக்கூர். இங்கேருந்து கூப்பிடு தூரம். ஞாயித்துக்கிழமை தவறாம பாப்பா நம்ம வீட்லதான். அதையும் எழுதிக்குங்க!"

"மாவட்டம்?"

"மயிலாடு..."

நின்றது... அவன் வாயும், அவள் பேனாவும்!

"ஆக்கூரும் அதே பிரிவினையிலதானே சார் போச்சு? அன்னையிலேருந்து பாப்பாவை வாராவாரம் எல்லை தாண்ட வச்சது யாரு?"

எழில்மொழியின் ஒரு கை விடுபட்டது.

கயல்விழி சிரிக்கவில்லை. "அப்ப... என் பொண்ணு என்கிட்டயே இருப்பாளா மேடம்?"

"இன்னைக்கு இருப்பா. இனிமே ஜட்ஜ் கையில. உங்க கையிலயும் இல்ல, என் கையிலயும் இல்ல."

ஷமீரா புகழேந்தியிடம் திரும்பினாள்.

"கணக்கை முடிச்சிடலாமா? அம்மா பேர்ல மீறல் ஒண்ணு. உங்க பேர்ல... பழைய காலண்டர் எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க சார். சிவப்புத் தேதியை மட்டும் எண்ணிக்கறேன்!"