அன்னமேரி சுமந்த பழி

“எங்க வச்சீங்க அண்ணி? என் பையில இருந்ததை எடுத்து எங்க வச்சீங்க?”

கொழுந்தன் ஜெப்ரின் போட்ட சத்தம் அந்த குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கக் கேட்டிருக்கும். அன்னமேரி அடுப்படியில் நின்று அவனுக்காகத்தான் முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“ஒடச்சு சாக்கடையில ஊத்திட்டேன் தம்பி. ஊசியையும் நசுக்கிப் போட்டுட்டேன்.”

“ஐயோ!” அவன் தலையில் அடித்துக்கொண்டான். “அம்மா, இங்க வந்து பாரும்மா! ஜிம் மாஸ்டர் குடுத்த மருந்தைக் கொட்டிட்டாங்கம்மா! அடுத்த மாசம் கடலூர்ல போட்டி...”

மாமியார் ஆரோக்கியம்மாள் வாசல் பெருக்கிய விளக்குமாறும் கையுமாக உள்ளே வந்தாள்.

“ஏண்டி! பெரியவன் பொழப்பைக் கெடுத்தது பத்தலியா? இப்ப சின்னவன் மேலயும் கண்ணு வச்சிட்டியா?”

“அது மருந்து இல்ல அத்தை... விஷம்.”

“ஓகோ! உனக்கு எப்பிடித் தெரியும்? டாக்டருக்குப் படிச்சியோ?”

அன்னமேரி அடுத்த முட்டையை எடுத்தாள். எப்படித் தெரியும் என்று சொல்லத்தான் அவளுக்கு வழியில்லை.

அவள் கணவன் ஆல்பினும் ஒரு காலத்தில் இந்த வீட்டின் பெருமையாக இருந்தவன். நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. கன்வேயர் பெல்ட்டுக்கடியில் சிந்திய கரியை வாரிப் போட்டுவிட்டு, அந்தத் தூசியோடே பக்கத்து ஊரான வடக்குத்தில் ஒரு தகரக் கொட்டகை ஜிம்முக்குப் போய் எடை தூக்குவான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அன்னமேரியின் சமையலே அவன் உடம்புக்கானதாகிவிட்டது. ஆணழகன் போட்டி நெருங்கினால் அவனுக்கு உப்பில்லாத கோழியும் முட்டை வெள்ளையும்தான். அவன் பார்க்க நாம் மட்டும் மீன்குழம்பு சாப்பிடுவதா என்று அவளும் உப்பை விட்டுவிடுவாள். ஊராருக்கு ஜாக்கெட் தைத்த காசு கோழியாகவும் முட்டையாகவும் போனது. மேடையில் உடுத்தும் ட்ரங்கைத் தைத்ததும், போட்டிக்கு முந்தின நாள் அந்த அகன்ற முதுகில் நிறம் பூசி விட்டதும் அவள்தான்.

மாவட்டம் ஜெயித்தான். மண்டலம் ஜெயித்தான். 2014இல் மாநிலப் பட்டமே கிடைத்தது. அதே மைன்ஸில் பர்மனென்ட் ஆப்பரேட்டரான மாமனார் இன்னாசிமுத்து கேன்டீனில் போவோர் வருவோரையெல்லாம் நிறுத்திச் சொன்னார். “ஊசி கீசி எதுவும் கெடையாதுங்க. வூட்டுச் சோறு! எம் மருமவ அவிச்சுக் குடுத்த முட்டை!”

அடுத்தது தேசியப் போட்டி. அதில் இடம் பிடித்தால் விளையாட்டுக் கோட்டாவில் நிரந்தர வேலை கிடைக்கும் என்று வீடே கனவு கண்டுகொண்டிருந்தது. அப்போதுதான் ஒருநாள் ஆல்பின் குளியலறையில் மயங்கி விழுந்தான். கால்கள் வீங்கிக் கிடந்தன. வேளாங்கண்ணிக்கு வேண்டுதல் என்று வீட்டில் சொல்லிவிட்டு அவனைப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள் அன்னமேரி. அவளுக்கே தெரியாமல் அவன் பல வருஷமாக ஊசி போட்டுக்கொண்டிருந்தது அங்கேதான் வெளியே வந்தது. சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கிறது, இனி எடை தூக்கவே கூடாது என்றார் டாக்டர். மறுபடி மறுபடி போய்ப் பரிசோதித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. அதைக் கேட்டபோது ஆல்பின் தலை நிமிரவேயில்லை.

“அப்பாவுக்கு மட்டும் தெரியக் கூடாது மேரி... ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறாரு. தாங்க மாட்டாரு...” என்று பஸ் ஸ்டாண்டில் வைத்து அழுதான்.

பார்க்கச் சகிக்கவில்லை அவளுக்கு. “சரி விடுங்க. நான்தான் ஜிம்மும் போட்டியும் வேணாம்னு பிடிவாதம் பிடிச்சேன்னு சொல்லிக்கலாம்” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அதன்பிறகு அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த ஒவ்வொரு சொல்லும் முள்தான். புருஷன் பேர் எடுப்பது பொறுக்காதவள். சந்தேகக்காரி. குடும்பத்தைக் கெடுத்தவள். மாமனார் அவளிடம் பேசுவதையே நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை பூசையில்கூட மாமியார் அவள் பக்கத்தில் உட்காருவதில்லை. ஆல்பினும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். இன்று சொல்வான், நாளை சொல்வான் என்று முதலில் காத்திருந்தாள். பிறகு காத்திருக்கவும் தெம்பில்லாமல் போயிற்று.

“பேச மாட்டாளே! ஊமைக் கோட்டானாட்டம் நிக்கிறதைப் பாரு!” ஆரோக்கியம்மாளின் குரல் உடைந்தது. “ஒரு புள்ளையப் பெத்துக் குடுக்க வக்கில்ல... நான் பெத்த புள்ளைங்களையாவது வாழ வுடுடி! உங்க அம்மா வூட்டுக்கே போயிடு. எனக்கு நிம்மதியாவது கெடைக்கட்டும்!”

செகண்ட் ஷிஃப்ட்டுக்குப் போகவேண்டிய இன்னாசிமுத்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். வேண்டாம் என்று அவரும் சொல்லவில்லை.

அன்னமேரி கையைக் கழுவினாள். அறைக்குள் போய் நாலு புடவையை ஒரு பையில் திணித்தாள். அழுகை வரவில்லை. அம்மா இருக்கும் நெல்லிக்குப்பத்துக்கு இப்போது பஸ் இருக்குமா என்றுதான் யோசித்தாள்.

அவள் பையோடு வெளியே வரவும், நைட் ஷிஃப்ட் முடிந்து ஆல்பின் படியேறவும் சரியாக இருந்தது. மேடையில் மின்னிய உடம்பு இப்போது வற்றி, சட்டை தொளதொளத்தது.

“எங்க மேரி கெளம்பிட்ட?”

ஜெப்ரின்தான் பாய்ந்து வந்தான். “உன்னைக் கெடுத்த மாதிரியே என்னையும் கெடுக்கறாங்கண்ணே! மாஸ்டர் குடுத்த ஊசி மருந்தைக் கொட்டிட்டாங்க. பரவால்ல, இன்னிக்கே வேற வாங்கிப் போட்டுக்குவேன்!”

“என்ன மருந்துடா?”

ஜெப்ரின் மருந்தின் பேரைச் சொன்னான்.

ஆல்பின் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சொல்லுங்கள் என்று கெஞ்சவும் இல்லை, சொல்லாதீர்கள் என்று தடுக்கவும் இல்லை.

“தம்பி... அதைப் போடாதடா.” அவன் தம்பியின் பக்கம் திரும்பினான். “அதைப் போட்டுத்தான்டா நான் ஜெயிச்சேன். அதாலதான் என் கிட்னி போச்சு.”

“என்னடா சொல்ற?” இன்னாசிமுத்து எழுந்து நின்றார்.

“ஆமாம்ப்பா. நீங்க ஊரெல்லாம் பெருமை பேசினீங்களே... எல்லாம் பொய்ப்பா. வூட்டுச் சோத்துல வந்த உடம்பு இல்ல அது. மேரி என்னை நிறுத்தல, டாக்டர்தான் நிறுத்துனாரு. உங்க மூஞ்சியப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல... அதுக்காக அவ பழிய ஏத்துக்கிட்டா!”

“ஐயோ சாமி...” ஆரோக்கியம்மாள் சுவரில் சாய்ந்தாள்.

“இன்னும் இருக்கும்மா. புள்ள இல்லன்னு அவளைக் கரிச்சுக் கொட்டறியே... குறை அவகிட்ட இல்ல. என்கிட்டதான். அந்த ஊசி பண்ணுன வேலை. அது தெரிஞ்சும் நீ திட்டுறதைக் கேட்டுக்கினு கல்லாட்டம் இருந்தேன் பாரு... நான்லாம் ஒரு ஆம்பளையாம்மா?”

வற்றிய தோள்கள் குலுங்க அவன் அழுதான். ஜெப்ரின் வெளுத்துப்போய் நின்றான். “அண்ணே... நான் ரெண்டு ஊசி போட்டுட்டேண்ணே” என்றான் மெல்ல.

இன்னாசிமுத்து அதட்டலாக எதையோ சொல்ல வந்து, முடியாமல், சின்ன மகனின் கையைப் பிடித்தார். “சட்டைய மாட்டுடா. ஆஸ்பத்திரிக்குப் போலாம். வா...” வாசலில் நின்று மருமகளைத் திரும்பிப் பார்த்தார். “அம்மாடி... நீ அந்தப் பைய உள்ள வையி. உன் கையப் புடிச்சுக் கேக்கறேன்.” வெகுகாலத்துக்குப் பிறகு அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

ஆரோக்கியம்மாள் தள்ளாடி வந்து அன்னமேரியின் தோளைக் கட்டிக்கொண்டாள். “நான் பாவிடி! வாயில வந்ததையெல்லாம் பேசிட்டேனே... என் புள்ளையோட பாவத்தை நீ சொமந்தியே... ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா கண்ணு?”

“ஒரு வார்த்தை நீங்க கேட்டிருக்கலாமே அத்தை” என்றாள் அன்னமேரி. குரலில் கோபமில்லை. “என்னடி நடந்துச்சுன்னு ஒருநாளாவது என்னைக் கேட்டிருக்கலாமே...”

கிழவி விம்மினாள்.

“மேரி...” ஆல்பின் அவள் கையைத் தொட்டான். “மன்னிச்சுடுன்னு கேக்கக்கூட எனக்கு...”

“இப்ப எதுவும் பேசாதீங்க.” அவள் கையை உதறவில்லை. “எனக்கு உடம்பெல்லாம் அசதியா இருக்கு. நான் கொஞ்ச நேரம் படுக்கணும்.”

கல்யாணமாகி வந்ததிலிருந்து பகலில் அவள் படுத்ததே இல்லை. ஆரோக்கியம்மாள் அவசர அவசரமாகப் போய்த் தன் கட்டிலை உதறி விரித்தாள். அன்னமேரி சுவர்ப்பக்கம் திரும்பி ஒருக்களித்துப் படுத்தாள். அப்போதுதான் கண்ணீர் வந்தது. சத்தமில்லாமல், தலையணை நனைய நனைய வந்தது. மாமியார் தலைமாட்டில் உட்கார்ந்து, காய்ப்பேறிய விரல்களால் அவள் முடியைக் கோதினாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது.

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, “என்ன ஆரோக்கியம், காலையிலேயே ஒரே சத்தமா இருந்துச்சு?” என்றாள்.

ஆரோக்கியம்மாள் உதட்டில் விரல் வைத்தாள்.

“மெதுவா பேசு. எம் மருமவ தூங்குறா.”